பரம்பிக்குளம்: காட்டு ஏரியில் கற்க வேண்டிய பாடம்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் பக்கத்தில் உறவினர் உள்ள எந்த மாணவியைக் கேட்டாலும் ‘பி.ஏ.பி. வாய்க்கால்’ என்ற சொல் அவளுக்குத் தெரிந்திருக்கும். வாய்க்காலில் தண்ணீர் விடும் நாள் தோட்டத்து வீடுகளில் ஒரு திருநாள். மடை திரும்பும் முறை தவறினால் பெரியவர்களுக்கு உறக்கம் இல்லை. ஆனால் அந்த வாய்க்காலின் தலைப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலர் ‘அணையில்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம். அந்த அணைக்குப் பின்னால் மலைகள் சூழ்ந்த ஒரு காட்டு ஏரி இருக்கிறது. யானையும் காட்டுமாடும் அதில் நீர் குடிக்கின்றன. நீர்நாய் அதில் மீன் பிடிக்கிறது. அதன் கரையில் முதலை வெயில் காய்கிறது. அதுவே பரம்பிக்குளம்.

இந்த ஏரிக்குச் சென்று தங்கவும், தெப்பத்தில் மிதக்கவும், விலங்குகளைக் காணவும் இன்று பலர் விரும்புகின்றனர். அங்கே எப்படிச் செல்வது, எப்படி மிதப்பது, எப்படிப் பார்ப்பது என்பதைத் தோழியருக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இம்மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே என்பதைப் படித்து முடிக்கும்போது நீங்களே உணர்வீர்கள்.

ஏரி பிறந்த வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. மழையின் பெரும்பங்கு மலையின் மேற்குச் சரிவில் கொட்டி, அரபிக் கடலுக்கு ஓடிவிடுகிறது. கிழக்கே உள்ள நம் கொங்குச் சமவெளியோ மழை மறைவுப் பகுதி. புவியியல் பாடத்தில் நாம் படித்த இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யப் பிறந்ததே பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் இதன் பணிகள் தொடங்கின. மலையில் ஓடும் ஆனைமலையாறு, நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய ஆறும், சமவெளியில் ஓடும் ஆழியாறு, பாலாறு ஆகிய இரண்டும் அணைகளாலும் குகைக் கால்வாய்களாலும் இணைக்கப்பட்டன.

பரம்பிக்குளம் அணை கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதை இயக்கிப் பராமரிப்பது தமிழ்நாடு. 1970ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் இரு மாநிலங்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1958 நவம்பர் முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. தண்ணீரில் ஒரு பங்கு நமக்கு. ஒரு பங்கு கேரளத்தின் சித்தூர்ப் பகுதி வயல்களுக்கு.

ஏரியின் முழுக் கொள்ளளவு 17.82 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, அதாவது ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். பரம்பிக்குளத்து நீர் மலையைக் குடைந்த குகை வழியே தூணக்கடவு ஏரிக்கு வந்து, அங்கிருந்து மற்றொரு குகை வழியே சர்க்கார்பதியில் இறங்கி 30 மெகாவாட் மின்சாரம் உண்டாக்குகிறது. பிறகு மலையடிவாரத்தைச் சுற்றிச் செல்லும் காண்டூர் கால்வாயில் சுமார் 49 கிலோமீட்டர் ஓடித் திருமூர்த்தி அணையை அடைகிறது. நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்ட சுமார் 3 லட்சத்து 77 ஆயிரம் ஏக்கர் நிலம் முறை வைத்து இந்த நீரைப் பெறுகிறது.

2022ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் நள்ளிரவில் இவ்வணையின் மூன்று மதகுகளில் ஒன்றைத் தாங்கிய சங்கிலி அறுந்து, மதகு பெயர்ந்தது. நொடிக்குச் சுமார் 20,000 கன அடி வீதம் நீர் வெளியேறி, சாலக்குடி ஆற்றின் வழியே மேற்கே ஓடியது. மதகின் அடிமட்டம் வரை நீர் இறங்கும்வரை எதுவும் செய்ய முடியவில்லை. ஏறத்தாழ ஆறு டி.எம்.சி. நீர் போயிற்று. அன்று எங்கள் அப்புச்சி தொலைக்காட்சிப் பெட்டியின் முன்பிருந்து எழவே இல்லை. “தென்னைக்கு வாய் இருந்தா இன்னிக்கு அழுதிருக்கும், கண்ணு” என்று மட்டும் சொன்னார். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் காட்டுக்குள் நடந்த ஒன்று நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்ததை நான் அன்றுதான் அறிந்தேன்.

செல்லும் வழி

கேரளத்தில் இருந்தாலும், பரம்பிக்குளத்துக்கு வாகனத்தில் செல்லும் பயணிகள் நம் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே செல்கின்றனர். ஆங்கிலேயர் காலத்தில் வெட்டிய தேக்குமரங்களை மலை உச்சியிலிருந்து கீழே சறுக்கிவிட்ட இடம் ஆனதால் டாப்சிலிப் என்று பெயர் வந்தது. இவ்வாறு மரம் வெட்டி வெறுமையாகிக்கொண்டிருந்த மலையில் மறுபடி தேக்கு தழைக்க வழிசெய்தவர் வன அதிகாரி ஹியூகோ உட். அடிமரத்தை வேரோடு பெயர்க்காமல் விட்டு, அதிலிருந்து மறுபடி துளிர்க்கச் செய்யும் முறையை அவர் கைக்கொண்டார். 1933இல் மறைந்த அவருடைய கல்லறை டாப்சிலிப்பில் அவர் வளர்த்த மரங்களின் நிழலிலேயே இருக்கிறது.

டாப்சிலிப்பைச் சுற்றியுள்ள ஆனைமலைக் காடு 2007இலும், அதற்கு அப்பால் உள்ள பரம்பிக்குளம் காடு 2010இலும் புலிகள் காப்பகங்களாக அறிவிக்கப்பட்டன. மாநில எல்லையை நாம் சோதனைச் சாவடியில் காண்கிறோம். யானை அதைக் காண்பதில்லை. அதற்கு இரண்டும் ஒரே காடுதான்.

தூணக்கடவுக்கு அருகில் கன்னிமாரா தேக்கு நிற்கிறது. வயது 450 ஆண்டுகளுக்கு மேல் என்று கணிக்கிறார்கள். அடிமரத்தின் சுற்றளவு ஆறரை மீட்டருக்குக் குறையாது. முன்னொரு காலத்தில் இதை வெட்டக் கோடரியை ஓங்கியபோது இரத்தம் பெருகிற்று என்றும், அதனால் இம்மரத்தைத் தெய்வக்கன்னியாக விட்டுவிட்டார்கள் என்றும் பழங்குடி மக்கள் கதை சொல்கின்றனர். 1994-95ஆம் ஆண்டுக்கான ‘மகாவிருட்ச புரஸ்கார்’ என்னும் மத்திய அரசின் விருது இம்மரத்துக்குக் கிடைத்தது.

காடர், மலசர், மலமலசர், முதுவர் ஆகிய பழங்குடியினர் இக்காட்டில் வாழ்கின்றனர். நமக்கு வழிகாட்டியாக வருபவர்களும் தெப்பம் செலுத்துபவர்களும் இவர்களே. காட்டைப் பற்றி நம் பாடநூலில் இல்லாதது இவர்கள் நினைவில் இருக்கிறது. ஆகவே ‘அண்ணா’, ‘ஐயா’ என்று மரியாதையாக அழைத்து, கேட்டுத் தெரிந்துகொள்வது நம் கடமை.

மிதக்கும் கலங்கள்

மேனாட்டுக் காட்டு ஏரிகளில் ‘கயாக்’ என்னும் சிறு படகில் செல்வது பெரிய பொழுதுபோக்கு. 1936 முதல் அது ஒலிம்பிக் போட்டிகளிலும் இடம்பெற்றுள்ளது. ஆனால் கயாக் விளையாட்டுக்காகப் பிறந்தது அன்று. வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்கள் கரை ஒதுங்கிய மரத்தாலும் திமிங்கல எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தி இதைச் செய்தனர். ஓசையின்றி விலங்கை நெருங்குவதற்கான வேட்டைப் படகு அது.

இதைப் படித்தவுடன் எனக்கு நம் பவானி, காவிரிப் பரிசல் நினைவுக்கு வந்தது. மூங்கில் பிளாச்சுகளால் கூடை போல் பின்னி, முன்னாளில் மாட்டுத்தோலைப் போர்த்திச் செய்தார்கள். பனிக்கடலில் வாழ்ந்தவனும் பவானிக் கரையில் வாழ்ந்தவனும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே உபாயத்தைக் கண்டிருக்கிறார்கள்: எலும்புக்கூடு போல் ஒரு சட்டம், அதன்மேல் ஒரு தோல். வேறுபாடு வடிவத்தில்தான். கயாக் நீண்டு ஒடுங்கியது. அதனால் நேராக விரையும். பழகாதவர் ஏறினால் எளிதில் கவிழும். பரிசல் வட்டமானது. எளிதில் கவிழாது, ஆனால் துடுப்பைச் சரியாகப் போடாவிட்டால் நின்ற இடத்திலேயே சுழலும்.

ஆர்க்கிமிடீஸ் விதியைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போடலாம். பரிசலின் விட்டம் 2.5 மீட்டர், அடிப்பாகம் தட்டை என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவு சுமார் 4.9 சதுர மீட்டர். தலா 50 கிலோ எடையுள்ள மாணவியர் ஆறு பேர் 300 கிலோ. பரிசலும் பரிசல்காரரும் சேர்ந்து 100 கிலோ. மொத்தம் 400 கிலோ. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும் ஆதலால் 400 லிட்டர் நீர் விலக வேண்டும். அதைப் பரப்பளவால் வகுத்தால் 8 சென்டிமீட்டர் வரும். ஆறு மாணவியரைச் சுமந்தும் பரிசல் நீருக்குள் ஒரு சாண்கூட இறங்குவதில்லை! பாறையும் மணலும் நிறைந்த ஆற்றுக்கு இதைவிடப் பொருத்தமான கலம் ஏது?

நம் மாவட்டத்திலேயே பில்லூர் அணையின் நீர்த்தேக்கத்தில், பரளிக்காட்டில், வனத்துறையும் இருளர் மக்களும் சேர்ந்து பரிசல் பயணம் நடத்தி வந்திருக்கின்றனர். பரம்பிக்குளத்தில் இருப்பது மூங்கில் தெப்பம். மூங்கிலின் கணுக்களுக்கு இடையே அடைபட்ட காற்றே அதைத் தாங்குகிறது. இயந்திரம் இல்லை, புகை இல்லை, துடுப்பு நீரைத் தொடும் ஓசை மட்டும் உண்டு.

எந்தக் கலமானாலும் உயிர்காப்புச் சட்டை அணிய வேண்டும். எழுந்து நிற்கக் கூடாது. எல்லோரும் ஒரு பக்கம் சாயக் கூடாது. 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. புவியீர்ப்பு மையம் பற்றிய பாடம் தேர்வுக்கு மட்டும் உரியது அன்று.

காணும் கலை

காட்டுக்குச் சென்று திரும்பும் பலர், “ஒன்றையும் பார்க்கவில்லை” என்று குறைபடுகின்றனர். விலங்கு இல்லாததால் அன்று. நாம் வருவது அதற்கு முன்னதாகவே தெரிந்துவிடுவதால்தான்.

முதலாவது, ஓசை. அசைவற்ற நீர்ப்பரப்பு ஒலியை உறிஞ்சாமல் எதிரொளிக்கிறது. நீரையொட்டிய காற்று மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கும் வேளையில் ஒலி மேலே சென்று மறையாமல் கீழ்நோக்கி வளைகிறது. எனவே ஏரியின் நடுவில் நாம் பேசுவது எதிர்க்கரையில் நிற்கும் மானுக்கு எட்டும். யானைக்கோ நமக்குக் கேட்காத ஒலிகளும் கேட்கும். 1984இல் அமெரிக்காவின் போர்ட்லந்து விலங்குக்காட்சிச் சாலையில் யானைகளின் அருகில் நின்ற கேட்டி பெய்ன் என்ற பெண் ஆராய்ச்சியாளர் காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். அதைப் பின்பற்றி ஆராய்ந்தபோது, மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் தமக்குள் பேசிக்கொள்வது தெரிய வந்தது. சும்மா இருந்து கவனித்ததால் கிடைத்த கண்டுபிடிப்பு அது.

இரண்டாவது, வாசனை. காற்று நம்மிடமிருந்து விலங்கை நோக்கி வீசினால் நம் வியர்வையும் தலைப்பூவும் அத்தரும் நமக்கு முன்னே சென்றுவிடும். சிறிது மண்ணைத் தூவிக் காற்றின் போக்கை அறிந்து, அதற்கு எதிர்முகமாகச் செல்வது வழிகாட்டிகளின் வழக்கம். மூன்றாவது, நிறம். பச்சை, காக்கி, பழுப்பு ஆகிய மங்கிய நிறங்களே தகும்.

விலங்கைக் காணாதபோதும் அதைப் படிக்கலாம். சேற்றில் பதிந்த குளம்பு, மரப்பட்டையில் யானை முதுகு தேய்த்த மண், பாறையின்மேல் மீன்செதில் நிறைந்த நீர்நாயின் எச்சம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு வாக்கியம். புள்ளிமான் திடீரென்று கூவினாலோ, கருமந்தி மரத்தின் மேலிருந்து அதட்டினாலோ, அருகில் சிறுத்தையோ புலியோ செந்நாயோ நடமாடுகிறது என்று பொருள் கொள்ளலாம்.

சென்ற ஆண்டு விடுமுறையில் பெற்றோருடன் நானும் அங்கே சென்றேன். மாலை நாலரை மணி. எதிர்க்கரையில் பதினோரு காட்டுமாடுகள் நீருக்கு இறங்கின. நாம் காட்டெருமை என்று அழைத்தாலும் இது எருமையினம் அன்று. நம் தொழுவத்து மாட்டின் உறவு. வெள்ளைக் காலுறை அணிந்தது போன்ற கால்களுடன் அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசியில் ஒரு கன்று. எங்கள் வழிகாட்டி துடுப்பை நீரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் மூச்சுவிடவும் அஞ்சி அமர்ந்திருந்தோம். அப்போது கரையில் வந்த வேறொரு கூட்டத்தினர் கைத்தட்டி, சீழ்க்கை அடித்தனர். மந்தை அப்படியே திரும்பிக் காட்டுக்குள் ஓடியது. கன்று இன்னும் நீரில் வாய் வைக்கவில்லை.

நமக்கு அது போன காட்சி. அவற்றுக்கோ அது போன தண்ணீர். கோடையில் மலையோடைகள் வற்றிய பின் இந்த ஏரிக்கரை ஒன்றே பல விலங்குகளுக்கு நீர்த்துறை. ஒரு யானைக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் நீர் தேவை. முதலை முட்டையிடுவதும் கோடைக்காலத்தில் கரையோர மணலில்தான். நாம் அரைமணி நேரம் ஆரவாரம் செய்துவிட்டுத் திரும்புகிறோம். அவை இருட்டும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

தங்கும் முறை

பரம்பிக்குளத்தில் நம் விருப்பப்படி கூடாரம் அடிக்க இயலாது. வனத்துறை அமைத்த மரவீடு, கூடார விடுதி போன்றவற்றில் முன்பதிவு செய்தே தங்கலாம். ஏரியின் நடுவே வீட்டிக்குன்னு என்ற தீவும் உண்டு. வீட்டி என்பது மலையாளத்தில் ஈட்டிமரம். குன்னு என்பது குன்று. அணை கட்டுமுன் அது தீவன்று, ஈட்டிமரக் குன்று என்பதைப் பெயரே சொல்கிறது. இன்று நீர்வழியேதான் அங்கே போக முடியும்.

தங்குவோர் நினைவில் வைக்க வேண்டியவை:

1. வெளிச்சம் போகுமுன் தங்குமிடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். அந்தியும் விடியலும் விலங்குகள் நீர்த்துறைக்கு வரும் வேளை.

2. தீ மூட்டக் கூடாது. 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்தனர். காய்ந்த புல்லில் பரவும் நெருப்பை மனிதர் ஓடி வெல்ல முடியாது.

3. கொண்டுபோன நெகிழிப்பை, மிட்டாய்த் தாள் அனைத்தையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். உப்பும் இனிப்பும் பட்ட பையை மான் தின்றுவிடும்.

4. குரங்குக்கோ பன்றிக்கோ உணவு தரக் கூடாது. அது அன்பு அன்று, கையேந்தப் பழக்குவதாகும்.

5. ஏரியில் சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிப்பதோ துவைப்பதோ கூடாது. முதலை உள்ள நீர் என்பதும் நினைவிருக்கட்டும்.

6. ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ள வேண்டும். நாள், நேரம், காற்றின் திசை, கண்ட விலங்கு அல்லது பறவை, எண்ணிக்கை, அது என்ன செய்துகொண்டிருந்தது என்று ஆறு பத்தி போதும். ‘ஏராளமான பறவைகள்’ என்று எழுதுவதைவிட ‘பாம்புத்தாரா 2, சிறகை விரித்துக் காயவைத்தன’ என்று எழுதுவது பயனுள்ளது.

முடிவுரை

பரம்பிக்குளத்துத் தண்ணீர் நம்முடையது என்று கொங்கு நாட்டார் சொல்வதில் உரிமை இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. சித்தூர் விவசாயியும் அவ்வாறே சொல்வார். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத பங்காளிகளும் இருக்கின்றனர். மழையைப் பிடித்து, மண்ணை இறுக்கி, ஓடைகளைச் சொட்டுச் சொட்டாக ஏரிக்கு அனுப்புவது காடு. அந்தக் காட்டை உண்டு, விதைத்து, உரமிட்டு வளர்ப்பவை யானையும் இருவாட்சியும் மற்ற உயிர்களும். அவை நீர் குடிக்க இறங்கும் கரையை நாம் பறித்துக்கொண்டால் நம் வாய்க்காலின் தலைப்பை நாமே அடைப்பதாகும்.

மெல்லச் செல்வது, மெல்லப் பேசுவது, மெல்ல மிதப்பது ஆகியவை வனத்துறை நமக்கு விதித்த கட்டுப்பாடு என்று எண்ண வேண்டாம். நிறையப் பார்ப்பதற்கு அதுவே வழி. விலங்கைக் காக்கும் வழியும் அதுவே. இனுயிட் மக்கள் வேட்டைக்குக் கண்ட அமைதியை நாம் கல்விக்குப் பயன்படுத்துவோம். நம் பள்ளி இயற்கை மன்றத்தின் அடுத்த சுற்றுலா காட்டு ஏரிக்கு என்று ஆசிரியர்கள் முடிவு செய்தால், பாட்டுப்பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, குறிப்பேட்டையும் ஒரு கூர்மையான பென்சிலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், தோழியரே!